வள்ளத்து எஞ்சினில் கொட்டலசு ஒட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கடலில் கிடக்கும் எதிலும் சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன உயிர்தான் கொட்டலசு. கரைமணலில் ஏற்றி வைக்கும் வள்ளக்காரர்களுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. மீனை இறக்கியதும் எஞ்சினைக் கழற்றி, கம்பில் கோத்து ரெண்டு பேர் தோளில் வைத்து வீட்டுக்கோ செட்டுக்கோ கொண்டுபோய் விடுகிறார்கள். எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பாகம், காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் புதிதாக ஒட்டின குஞ்சு பிழைக்காது. தொல்லையெல்லாம் எஞ்சினோடு வள்ளத்தை மிதக்கவிட்டுக் கட்டுகிறவர்களுக்குத்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலும், பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்திலும் கிடக்கிற வள்ளங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

குளச்சல் பக்கம் சிறிய செட் ஒன்றில் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். "அண்ணே, எஞ்சின் கொதிக்கு, பக்கத்துல வெள்ளம் பீச்சல" என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் கார்பரேட்டரையும் தொடமாட்டேன். "எத்தன நாளா வெள்ளத்துலயே கெடக்கு மக்கா?" என்றுதான் கேட்பேன். எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். பிறகு காலைத் திருப்பி, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அரிசி மணி அளவில் வெள்ளை வெள்ளையாக உள்ளே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் வெளியே பளபளவென்று இருந்தாலும், அந்தச் சல்லடை அடைபட்டுவிட்டால் நடுக்கடலில் அது நின்றுவிடும். 2017 நவம்பர் 30 ஓகிப் புயலுக்குப் பிறகு, கடலில் எஞ்சின் நிற்பது என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டின பிறகு சுரண்டுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு சுரண்டலிலும் பெயின்ட் போகும், அலுமினியம் கீறும், கீறின இடத்தில் அடுத்த முறை இன்னும் கெட்டியாக ஒட்டும். அதனால் முதல் சில நாட்களில் ஒட்ட விடாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஒட்டுவது எப்படி நடக்கிறது

சுத்தமான எந்தப் பொருளைக் கடலில் போட்டாலும் சில மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன்மேல் படலமாகப் படியும். ஒன்றிரண்டு நாளில் விரல் வைத்தால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பின்மேல்தான் பாசி வரும், கொட்டலசுக் குஞ்சு வரும், வெள்ளைக் குழாய் கட்டுகிற புழு வரும், பிறகு சிப்பி வரும். நம் கடலின் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடும்.

கொட்டலசு ஓடு போட்டிருப்பதால் பலரும் அதைச் சிப்பி வகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். உட்காரும் பருவம் வந்ததும் தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேட மட்டுமே செய்யும். இடம் பிடித்துவிட்டால் தலைப்பக்கத்தைப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டி, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து காலால் தண்ணீரை அளைந்து இரை பிடிக்கும். அந்தப் பசைக்கு ஈடான பசை கடையில் கிடைக்காது.

இதில் நமக்கு உதவுகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் குஞ்சால் உட்கார முடியாது. தினமும் கடலுக்குப் போகிற வள்ளத்தைவிட, கோயில் திருநாளுக்கோ கல்யாணத்துக்கோ பத்து நாள் கட்டிப்போட்ட வள்ளத்தில் அதிகம் ஒட்டுவது இதனால்தான். இரண்டு, கொட்டலசுக் குஞ்சு பழைய கொட்டலசின் வாடையைத் தேடி வரும். சுண்ணாம்பு ஓட்டை மட்டும் உடைத்துவிட்டு, அடியில் வட்டமாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் தட்டை அப்படியே விட்டுவைத்தால், "இங்கே நம்ம ஆள் இருந்திருக்கிறான்" என்று அடுத்த கூட்டத்தை நீங்களே கூப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். சுரண்டினால் அந்தத் தட்டும் போகும்வரை சுரண்ட வேண்டும்.

முதலில், தண்ணீரிலிருந்து தூக்குங்கள்

எந்த பெயின்டும் இதற்கு ஈடாகாது. துறைமுகத்தில் கட்டியதும் எஞ்சினைச் சாய்த்துத் தூக்கிப் பூட்டிவிடுங்கள். இதைச் செய்கிறவர்கள் நிறையப்பேர் உண்டு, ஆனால் முழுதாகத் தூக்குவதில்லை. பாதி தூக்கினால் புரொப்பல்லர் வெளியே தெரியும், சல்லடை இருக்கும் இடமோ அலையில் நனைந்துகொண்டே இருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சல்லடை முழுதாக வெளியே வந்ததா என்று வள்ளத்தின் பின்னால் எட்டிப் பாருங்கள். வராவிட்டால் எஞ்சினை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டுத் தூக்குங்கள். சில வள்ளங்களில் அந்தத் திருப்பம் போதும்.

வலையும் ஐஸ் பெட்டியும் பின்னால் இருந்தால் வள்ளம் பின்பக்கம் தாழ்ந்து, எஞ்சினும் அதோடு தாழும். கட்டிப்போடும்போது பாரத்தை அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், நகர்த்துங்கள். நான்கு விரல்கடை உயர்ந்தாலே சல்லடை வெளியே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம் துறைமுகங்களுக்குள் அலை வருகிற நாட்களில், தூக்கிப் பூட்டிய எஞ்சின் மேலும் கீழும் குலுங்கி, சாய்வைத் தாங்கும் சின்ன நெம்பின்மேல் அடிக்கும். 40 கிலோவை ஒட்டிய எடை அது. ஒரு கயிறு போட்டு எஞ்சினின் காலை வள்ளத்தோடு இழுத்துக் கட்டுங்கள். ரெண்டு பக்கமும் கட்டினால் இன்னும் நல்லது.

பிறகு, நல்ல தண்ணீர்

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினதும் உள்ளே தங்குகிற தண்ணீர் சூட்டில் வற்றி உப்பாக உறையும். அது தண்ணீர்ப் பாதையை ஒடுக்கும், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை ஒட்டவைக்கும். அதோடு, கடல் தண்ணீரோடு உள்ளே வந்த குஞ்சுகளும் அந்த ஈரத்தில் பிழைத்துக் கிடக்கும். நல்ல தண்ணீரில் ஓட்டினால் ரெண்டுக்கும் ஒரே வேலையில் முடிவு கட்டலாம்.

நூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும். சல்லடைக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு மூழ்கும்வரை தண்ணீர் நிரப்புங்கள். டிரம் குறுகலாக இருந்தால் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு இறக்குங்கள், விரலுக்கும் பாதுகாப்பு. நியூட்ரலில், மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடட்டும். ரெண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது பலன் தராது. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் நல்ல தண்ணீர் பிளாக் முழுக்கச் சுற்றும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் இந்தப் பத்து நிமிடமும் பெட்ரோலில் ஓட்டுங்கள். கார்பரேட்டரும் சுத்தமாகும், மறுநாள் காலை ஒரே இழுப்பில் எடுக்கும்.

தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்பது மட்டும் வேண்டாம். பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரை ஏற்றும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. அதற்குக் குளிர்ச்சியும் வழுக்கலும் அந்தத் தண்ணீர்தான். வறட்டு ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அதன் இறக்கைகளைத் தேய்த்துக் கருக்கிவிடும்.

முடிந்ததும் எஞ்சினை நேராக நிறுத்திவைத்துத் தண்ணீர் முழுதாக வடியவிடுங்கள். எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை உருவிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் பம்ப்புக்குள் நின்றதும் வந்துவிடும். வடிந்த பிறகுதான் சாய்க்க வேண்டும். சாய்த்தபிறகு வடியும் என்று விட்டால், மேட்டில் மாட்டிய தண்ணீர் அங்கேயே தங்கும்.

எல்லாருக்கும் எழுகிற கேள்வி, இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்பது. கடலோரக் கிணறுகளில் பல இடங்களில் உப்பு ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். நம் மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று ரெண்டும் உண்டு. செட்டு ஓட்டிலிருந்து ஒரு பைப் இறக்கி டிரம்மில் விட்டால் ஆண்டில் பாதிக்கு எஞ்சினுக்கு மழைத்தண்ணீர் போதும். டிரம் தண்ணீரை ஒருமுறையோடு கொட்ட வேண்டியதில்லை, மூன்று நான்கு தடவை பயன்படுத்தலாம். அதற்கு மேல் அதுவே உப்புத்தண்ணீர் ஆகிவிடும்.

தினமும் முடியாது என்று எனக்கும் தெரியும். விடிகாலை போய் மீன் ஏலம் முடிந்து வருகிறவனிடம் டிரம் நிரப்பு என்றால் எப்படிச் செய்வான்? அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை டிரம்மில் ஓட்டுங்கள். மற்ற நாட்களில் தூக்கிக் கட்டியதும் ஒரு குடம் நல்ல தண்ணீரைச் சல்லடைமேலும் புரொப்பல்லர்மேலும் ஊற்றி, தேங்காய்க் கதம்பையால் (மட்டை நாரால்) ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள். கதம்பை பெயின்டைக் கீறாது, வழவழப்பை எடுத்துவிடும். வழவழப்பு போய்விட்டால் கொட்டலசு உட்காருவது குறையும். அன்று ஒட்டினதை அன்றே எடுப்பது கைத்துடைப்பு வேலை. ஒரு மாதம் விட்டால் அதுவே உளி வேலை.

தண்ணீருக்குள் கிடந்தே ஆகவேண்டிய எஞ்சின்

சில வள்ளங்களில் பின்பலகையின் அமைப்பினால் எஞ்சினை முழுதாகத் தூக்கவே முடியாது. சில நேரம் சாய்வு நெம்பு முறிந்து, புதியது வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அப்போது உறை போடலாம். கெட்டியான பாலிதீனில் பை மாதிரி தைத்து, எஞ்சின் காலுக்குக் கீழிருந்து மேலே ஏற்றி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே ரப்பர் டியூப் வைத்து இறுகக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் கடல் தண்ணீரை முடிந்தவரை அமுக்கி வெளியேற்றிவிட்டு ரெண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பைக்குள் புதுத் தண்ணீர் வராது, இரை வராது, வெளிச்சம் குறையும், சீக்கிரத்தில் பிராண வாயுவும் தீரும். புதிதாக எதுவும் ஒட்டாது, அண்மையில் ஒட்டின குஞ்சும் சாகும். முதிர்ந்த கொட்டலசு மட்டும் வாயை மூடிக்கொண்டு பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். அதற்கு இந்தப் பை போதாது.

பையை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டால் சல்லடை அடைபட்டு இம்பெல்லர் போகும், புரொப்பல்லரில் சுற்றினால் எண்ணெய் சீலும் போகும். அதனால் கட்டுகிற அன்றே சிவப்புத் துணி ஒன்றை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் முடிந்து விடுங்கள். கிழிந்த பையைக் கடலில் விடாதீர்கள். நாளை அது இன்னொருவனின் சல்லடையில் வந்து ஒட்டும்.

பெயின்ட்: இங்கேதான் அதிகம் கெடுகிறது

விசைப்படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பின் ஆக்சைடு இருக்கிறது. செம்பு மெல்லமெல்லக் கரைந்து கொட்டலசை விரட்டும். மரப்படகுக்கு அது நல்ல பெயின்ட். பக்கத்துப் படகில் மிச்சம் கிடந்தது என்று அதையே எஞ்சின் காலில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் கால் அலுமினியம். கடல் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் ரெண்டும் சேர்ந்து பாட்டரி மாதிரி வேலை செய்யும், அதில் கரைவது அலுமினியம். முதலில் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் வரும். குத்தினால் வெள்ளைப் பொடி உதிரும். பிறகு குழி விழும். கியர் பெட்டியில் குழி விழுந்தால் அது கொட்டலசைவிடப் பெரிய செலவு.

எஞ்சினுக்கு "அலுமினியத்துக்கு ஏற்றது" என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் பெயின்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். குப்ரஸ் தயோசயனேட் உள்ளவை, அல்லது செம்பே இல்லாமல் ஜிங்க் பைரிதியோன் போன்றவை உள்ளவை இந்த வகையில் வருகின்றன. நம் ஊர்க் கடையில் இல்லை என்றால் கொச்சியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். ரெண்டு நாள் காத்திருக்கலாம், அதற்காக அவசரப்பட்டுச் சிவப்பு டப்பாவைத் தூக்காதீர்கள்.

அடிக்கும் முறையும் முக்கியம். முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, எண்ணெய்ப்பசை போகத் தின்னரால் துடையுங்கள். ஈர உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் போதும், உலோகம் தெரியும்வரை போக வேண்டியதில்லை. ஈரமாகத் தேய்க்கச் சொல்வது பழைய பெயின்டின் நஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போகாமல் இருக்கத்தான். மூக்கில் மாஸ்க்கும் வேண்டும், கடற்கரைக் காற்று இருக்கிறது என்று விடாதீர்கள். உலோகம் தெரிந்துவிட்ட இடங்களில் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர், அதன்மேல் முழுக் காலுக்கும் ரெண்டு பாகம் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் ரெண்டு கோட். இந்த எப்பாக்ஸி அடுக்குதான் தண்ணீரையும் உலோகத்தையும் பிரிக்கிற சுவர். அது காய்ந்த பிறகு கொட்டலசு பெயின்ட் ரெண்டு கோட். சல்லடையைச் சுற்றியும் தட்டைத் தகட்டின் அடியிலும் மூன்றாவதாக ஒரு கோட் கூடுதல், ஏனென்றால் அங்கேதான் முதலில் ஒட்டும்.

ஈரக்காற்று வீசும் மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மாசி, பங்குனி மாதங்களில் காலை வெயில் ஏறிய பிறகு அடித்தால் நன்றாகப் பிடிக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, கடைசிக் கோட்டுக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கலாம் என்பதை டப்பாவில் படித்து அப்படியே செய்யுங்கள். பெயின்டுக்குப் பெயின்ட் அது மாறும். ஒரு தடவை அடித்தால் ஒரு சீசன் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சில இடங்களில் பெயின்ட் படவே கூடாது. சல்லடை ஓட்டைகளை ஒரு தீக்குச்சியால் குத்திக் குத்தித் திறந்து வையுங்கள், பெயின்டே அடைத்துவிடக் கூடாது. ஜிங்க் கட்டிகளுக்கு (இவை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்) டேப் ஒட்டி மறையுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டும் அப்படியே. வள்ளத்தின் அடியில் செம்புப் பெயின்ட் அடித்திருந்தால், அது எஞ்சின் பிராக்கெட்டுக்கு நாலு சென்டிமீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

முந்திரிக்கொட்டைத் தோட்டெண்ணெயைப் பற்றியும் கேட்கிறார்கள். அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், கிடைக்கும் அந்த எண்ணெயும் சாளை நெய்யும் மரவள்ளத்தைப் பாதுகாக்க நம் பெரியவர்கள் பூசியவை. மரத்துக்குள் ஊறி, உளுத்துப்போகாமல் வைக்கும். அலுமினியம் எண்ணெயைக் குடிக்காது. மேலே பிசுபிசுப்பாக நிற்கும், ஒரே ஓட்டத்தில் கழுவிப் போகும். எஞ்சினுக்கு அது வேண்டாம்.

பழைய பெயின்டை எங்கே சுரண்டுகிறீர்கள் என்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. கடியபட்டணத்திலும் இனயத்திலும் பாறையில் முங்கிச் சிப்பி எடுத்து விற்றுத்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. சிப்பி கடல் தண்ணீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும். தண்ணீரில் கரைந்த நஞ்சு அதற்குள் சேரும், அதைத் தின்கிற நமக்குள்ளும் வரும். கப்பல்களுக்கு அடித்துவந்த டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மப் பெயின்ட், சிப்பி நத்தை இனங்களைக் கெடுத்ததால்தான் 2001-இல் உலக அளவில் தடை ஒப்பந்தம் போட்டு, 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நாம் அடிப்பதும் நஞ்சுதான், அளவு குறைவு, அவ்வளவுதான். தார்ப்பாய் விரித்து, கரையில் வைத்துச் சுரண்டி, உதிர்ந்ததை அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அலைவாய்க்கரையில் உட்கார்ந்து சுரண்டவே வேண்டாம்.

ஜிங்க் கட்டி

கொட்டலசோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லை என்று தோன்றும், ஆனால் உண்டு. கொட்டலசுக்கு அடியில் உலோகம் மூச்சுவிடாமல் அரிக்கும். ஜிங்க் கட்டி தான் கரைந்து அலுமினியத்தைக் காப்பாற்றுகிற பொருள். பாதி கரைந்தால் மாற்றுங்கள். கரையவே இல்லை, புதிதுபோல இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள், போல்ட் இருக்கும் இடத்தில் துருவோ பெயின்டோ இருந்து உலோகத்தொடுப்பு விட்டிருக்கும். அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டுங்கள். பொழிமுகத்தில், அதாவது மழைக்காலத்தில் நல்ல தண்ணீரும் மற்ற நேரம் உப்புத்தண்ணீரும் மாறிமாறி வருகிற இடத்தில், ஜிங்க் மேல் ஒரு தோல் படிந்து வேலை செய்யாமல் போகும். அங்கே அலுமினியக் கட்டி வாங்குங்கள். புரொப்பல்லருக்கு மேலே பின்பக்கம் மீன்வால் மாதிரி இருக்கும் கட்டி என்றால், கழற்றும் முன் அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். மாற்றி மாட்டினால் கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால்

ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். காய்ந்த கொட்டலசு கல்லாகிவிடும். சீவிய மரத்துண்டு அல்லது தேய்ந்த பிளாஸ்டிக் அட்டையைப் பக்கவாட்டில் வைத்து அடியோடு நகர்த்துங்கள். இரும்பு உளி, வயர் பிரஷ், கத்தி எதுவும் வேண்டாம். ஓடு போன பிறகு மிஞ்சும் வெள்ளைத் தட்டு சுண்ணாம்புதான். பலசரக்குக் கடை வினிகரில் துணியை நனைத்துப் போர்த்தி, மேலே பாலிதீன் சுற்றி ஒரு ராத்திரி விட்டால் இளகும். மறுநாள் கதம்பையால் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஜிங்க் கட்டியில் வினிகர் படக்கூடாது. கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் கொட்டலசு நுரைத்துப் போகும் என்பது உண்மை, கூடவே அலுமினியமும் நுரைக்கும். அதை எஞ்சின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

சல்லடைக்குள் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்து கம்பி விட்டு உடைக்காதீர்கள். உடைந்த ஓடு உள்ளேதான் போகும், அடுத்த ஓட்டத்தில் இம்பெல்லர் அதைச் சவைக்கும். சல்லடையைக் கழற்றும் வசதி இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் கியர் பெட்டியை இறக்கி, பம்ப்பைத் திறந்து, உள்ளே இருந்து வெளியே தள்ளுங்கள். இறக்கினதோடு இம்பெல்லரையும் பாருங்கள். இறக்கை ஒரு பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டாலோ, நுனியில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஒரு இம்பெல்லர் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி, ஷாஃப்டில் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். திரும்ப மாட்டும்போது ஷாஃப்டில் தண்ணீரில் கரையாத கிரீஸ் பூசுங்கள்.

கடலில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தி, காலைத் தூக்கிப் பாருங்கள். பை, பாசி, சொறிமீன் ஏதாவது சல்லடையை மூடியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றால், தண்ணீர் பீய்ச்சும் சின்ன ஓட்டையில் கெட்டித் தங்கூஸ் துண்டை விட்டுக் குத்துங்கள். பல நேரம் அடைப்பு அந்த ஓட்டையில் மட்டும்தான் இருக்கும். கொதிக்கிற பிளாக்கின்மேல் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள், திடீர்க் குளிரில் உலோகம் வெடிக்கும். தானாக ஆறட்டும்.

ஆனி ஆடியில்

ஜூன் முதல் கடல் குமுறும். விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் தடைக்காலம். நம் வள்ளங்களுக்குத் தடை இல்லை என்றாலும், காற்றும் அலையும் பல நாள் கரையிலேயே உட்காரவைத்துவிடும். பாறைகளில் பழுப்புச் சிப்பி செழிக்கிற கடல் நம்முடையது, கட்டிக் கிடக்கும் எஞ்சினையும் அது பாறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஐந்தாறு நாளுக்கு மேல் போகமாட்டோம் என்று தெரிந்தால் எஞ்சினை வள்ளத்தில் விட்டுவைக்க வேண்டாம். கழற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். டிரம்மில் ஓட்டி, வடியவிட்டு, கார்பரேட்டரில் இருக்கும் எண்ணெயைத் தீர்த்து, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் ரெண்டு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பரப்பிவிடுங்கள். கழற்றின பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். மரச்சட்டத்தில் நேராக நிறுத்தி வையுங்கள், தரையில் கிடத்த வேண்டாம். சாக்கு போட்டு மூடினால் ஈரம் தங்கும், காற்றுப் போகிற துணி போதும்.

கடல் அடங்கித் திரும்ப மாட்டும் நாளில், கரையை விட்டுப் போகும் முன் துறைமுகத்துக்குள்ளேயே கால் மணி நேரம் ஓட்டுங்கள். பீய்ச்சும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, விட்டுவிடாமல் வந்தால் போகலாம். கை பொறுக்க முடியாமல் சுட்டாலோ, விட்டுவிட்டு வந்தாலோ அன்றைய தொழிலை விட்டுவிட்டு எஞ்சினைக் கழற்றுங்கள்.